ஏன் என்று கேட்பது அகந்தையா?

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சாயப்பட்டறையில் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய அவருடைய அண்ணன் உள்ளேயே மயங்கி விழுந்து இறந்துபோனார். வயது 34. துக்க வீட்டுக்கு வந்த சபை ஊழியர் ஒருவர், “கர்த்தருடைய வழிகள் நம்முடைய வழிகள் அல்ல, ஏன் என்று கேட்பது அகந்தை” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த வாரமே அதே ஊழியர், அண்ணன் இரண்டு வருடமாக ஆலயத்துக்கு வராதவர் என்பதால் பரலோகத்தில் இருக்க வாய்ப்பில்லை என்றும் சொல்லியிருக்கிறார். தம்பி கேட்பது இதுதான்: மனிதப் புத்திக்குக் கடவுள் எட்டமாட்டார் என்றால், இந்த விவரம் மட்டும் இவர்களுக்கு எப்படி எட்டியது? கிறிஸ்தவத் தாழ்மை என்பது பதில் தெரியாதவர்கள் போட்டுக்கொள்ளும் முக்காடா?

தம்பி, மேலோட்டமாகப் பார்த்தால் இது கடவுளை எவ்வளவு அறிய முடியும் என்ற கேள்வி. அதற்குப் புத்தகங்களில் பதில் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். “தெரியாது” என்ற சொல்லை யார், யாரைப் பார்த்து, எதற்காகச் சொல்லலாம் என்று கேட்கிறீர்கள். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போதகராக 31 வருடம் கோவை, ஈரோடு, தாராபுரம் பக்கத்துச் சபைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மதுரை அரசரடியில் இறையியல் படித்தேன். கிரேக்கம் ஓரளவு வரும். எபிரெயம் அகராதி இல்லாமல் நகராது. அந்த அளவுக்குள் நின்று எழுதுகிறேன்.

முதலில் அந்த வசனம். ஏசாயா 55:8. “என் நினைவுகள் உங்கள் நினைவுகள் அல்ல, உங்கள் வழிகள் என் வழிகளும் அல்லவென்று கர்த்தர் சொல்லுகிறார்.” நம் ஊர்த் துக்க வீடுகளில் இதைவிட அதிகமாகப் புழங்கும் வசனம் அநேகமாக இல்லை. ஆனால் இதற்கு முந்திய வசனத்தைப் பாருங்கள். துன்மார்க்கன் தன் வழியை விட்டுத் திரும்பட்டும், அவர் மனதுருகுவார், “அவர் மன்னிக்கிறதற்குத் தயை பெருத்திருக்கிறார்” என்று அது முடிகிறது. அதைத் தொடர்ந்துதான் “என் நினைவுகள் உங்கள் நினைவுகள் அல்ல” வருகிறது. அதாவது, இவனையெல்லாம் மன்னிப்பதாவது என்று நாம் நினைக்கும் இடத்தில் அவர் அப்படி நினைக்கமாட்டார் என்பதுதான் அங்கே பேச்சு. சாவுக்குக் காரணம் கேட்கிறவனின் வாயை மூட எழுதின வசனம் அல்ல. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதிகாரத்தை முதலிலிருந்து படிக்கிற யாருக்கும் தெரியும். வேடிக்கை என்னவென்றால், இந்த வசனத்தை ஒழுங்காகப் படித்திருந்தால் அந்த ஊழியர் இரண்டாம் வாரம் சொன்னதைச் சொல்லியிருக்க முடியாது.

அவரைத் திட்ட எனக்கு வாய் வராது. நானும் அதைச் செய்தவன்தான். ஊழியத்துக்கு வந்த புதிதில் தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு சிறு சபையில் இருந்தேன். ஒரு வீட்டில் ஒன்பது வயதுப் பெண் குழந்தையைத் தூக்கத்தில் கட்டுவிரியன் கடித்து, பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது குழந்தையை வாசலில் கயிற்றுக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. பேசாமலும் இருக்க முடியவில்லை, போதகர் அல்லவா. “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்” என்று ஆரம்பித்தேன். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அப்பத்தா நிமிர்ந்து பார்த்தார். “ஏனுங்க ஐயரே, எடுத்தது அவருதான்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? பாம்புதானுங்களே கடிச்சுது” என்றார். (எங்கள் சபைகளில் பழைய ஆட்கள் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள்.) கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே எனக்குத் தெரியுமா என்று கேட்டார். “தெரியாதுங்க ஆத்தா” என்றேன். “அப்பச் செத்த நேரம் உக்காருங்க” என்று பக்கத்தில் இடம் காட்டினார். யாரோ ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அடக்கத்தின்போது செய்த ஜெபம் ஒரு நிமிடம்கூட இருக்காது.

நான் சொன்ன அந்த வாக்கியம் வேதாகமத்தில் வரும் யோபு சொன்னது. யோபு தன் பத்துப் பிள்ளைகளை இழந்தபிறகு தன்னைப் பற்றித் தானே சொன்னது. அதை வேறு யாரும் யோபுவிடம் வந்து சொல்லவில்லை. இந்த வித்தியாசம் எனக்கு உறைக்க அந்த அப்பத்தா தேவைப்பட்டார். நொந்தவன் தன் வாயால் சொன்னால் அது விசுவாசம். பக்கத்தில் நிற்பவன் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தால் அதற்கு வேறு பெயர்.

யோபு புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்கு வேதாகமத்தில் உள்ள மிக நீண்ட பதில் அதுதான். நண்பர்கள் வந்தார்கள், ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. அப்புறம் வாயைத் திறந்தார்கள், கெட்டது. நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், இல்லாவிட்டால் உன் பிள்ளைகள் செய்திருப்பார்கள் என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். யோபுவோ ஏன், ஏன் என்று கடவுளோடு வழக்காடுகிறான். பிறந்த நாளையே சபிக்கிறான். கடைசியில் கடவுள் பேசுகிறார். நான்கு அதிகாரம் முழுக்கக் கேள்விகள். “நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?” என்பதில் தொடங்கி, காட்டுக்கழுதை, தீக்குருவி, முதலை என்று போகிறது. காரணத்தை மட்டும் சொல்லவே இல்லை. முதல் இரண்டு அதிகாரத்தில் பரலோகத்தில் என்ன நடந்தது (யோபுவைச் சோதிக்கச் சாத்தான் உத்தரவு வாங்கியது) என்று படிக்கிற நமக்குத் தெரியும். யோபுவுக்கு அது கடைசிவரை தெரியாது. அவனும் தனக்கு எட்டாததைப் பேசிவிட்டதாக ஒத்துக்கொள்கிறான். இந்த இடத்தோடு நிறுத்திவிட்டு, பார்த்தாயா, கேள்வி கேட்டவன் அடங்கினான் என்று பிரசங்கம் செய்பவர்கள் உண்டு. அடுத்த வசனத்தில் கடவுளின் கோபம் நண்பர்கள்மேல் மூளுகிறது. யோபுவைப்போல நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். கேட்டவனுக்கு அங்கீகாரம்; விளக்கம் சொன்னவர்கள் ஏழு காளை, ஏழு ஆட்டுக்கடாவோடு போய், அதே யோபு அவர்களுக்காக ஜெபிக்க, மன்னிப்பு வாங்கவேண்டியதாயிற்று.

சரி, கடவுளை எவ்வளவுதான் அறிய முடியும்? அப்போஸ்தலர் பவுல் கொரிந்து ஊர்ச் சபைக்கு எழுதியது எல்லாருக்கும் தெரிந்த வரி: “இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம், அப்பொழுது முகமுகமாய்ப் பார்ப்போம்.” கிரேக்கத்தில் ‘நிழலாட்டமாய்’ என்ற இடத்தில் இருப்பது விடுகதை, புதிர் என்று பொருள்படும் சொல். மொழிபெயர்த்தவர்கள் நிழலாட்டம் என்று போட்டது அழகுதான், ஆனால் விடுகதை மறைந்துவிட்டது. அந்தக் காலக் கண்ணாடி மெருகேற்றிய வெண்கலம்; கொரிந்து அதற்குப் பேர்போன ஊர். பழைய உலோகக் கண்ணாடி மங்கலாகத்தான் காட்டும், அதனால் பவுல் அப்படி எழுதினார் என்று நானும் பல வருடம் பிரசங்கித்தேன். பிறகு ஒருமுறை கேரளத்தில் ஆறன்முளைக் கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முழுக்க உலோகம், ஆனால் முகத்தில் உள்ள மச்சம்வரை தெளிவாகக் காட்டியது. அப்படியென்றால் பவுல் சொல்லவந்தது மங்கலைப் பற்றி இல்லாமல் இருக்கலாம். தெளிவாகவே தெரிந்தாலும் கண்ணாடியில் தெரிவது ஆள் அல்ல, ஆளின் சாயல்தான் என்பதாக இருக்கலாம். டவுன் பஸ்ஸில் டிரைவருக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் அவர் கண் நமக்குத் தெரியும். அதற்காக அவரோடு முகம் பார்த்துப் பேசியதாக யாரும் சொல்வதில்லை. அறிஞர்கள் இதில் இரண்டு பக்கமாகவும் நிற்கிறார்கள். நான் இப்போது இரண்டாவது பக்கம் சாய்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அதே வசனத்தில் பவுல் தன்னையே ‘குறைந்த அறிவுள்ளவன்’ என்கிறாரே, அதில் இரண்டு பக்கம் கிடையாது. மூன்றாம் வானம்வரை எடுத்துக்கொள்ளப்பட்டதாக எழுதியவர் தன்னைப் பற்றிச் சொன்னது அது.

பிற்காலத்தவர்களும் இதையே சொல்லியிருக்கிறார்கள். 430-இல் இறந்த ஆயர் அகுஸ்தீன் ஒரு பிரசங்கத்தில், உனக்குப் புரிந்துவிட்டது என்றால் அது கடவுள் அல்ல என்றார். இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாஸ் கதை இன்னும் கூர்மையானது. பல ஆயிரம் பக்கம் எழுதியவர். 1273 டிசம்பர் 6-ஆம் தேதி திருப்பலி செய்துகொண்டிருந்தபோது அவருக்கு ஏதோ நேர்ந்தது. அதன்பின் பேனாவைத் தொடவில்லை. எழுதச் சொல்லி வற்புறுத்திய உதவியாளரிடம், நான் கண்டதோடு பார்க்கும்போது எழுதியதெல்லாம் வைக்கோலாகத் தெரிகிறது என்றார். பெரிய நூல் முடியாமலே நின்றது. அடுத்த மார்ச்சில் இறந்துபோனார். அவருக்கு நேர்ந்தது தரிசனமா, பக்கவாதமா, உடல் ஓய்ந்துபோனதா என்று இன்றுவரை வாதாடுகிறார்கள், தீராது. நான் கவனிப்பது வேறு. அவர் உழுது, விதைத்து, அறுத்து, களத்துமேட்டில் நின்றுகொண்டு வைக்கோல் என்றார். காட்டுக்கே போகாதவன் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு எல்லாம் வைக்கோல்தான் என்று சொன்னால் அது தாழ்மை அல்ல, சோம்பல்.

தமிழில் கடவுளுக்கு என்ன பெயர் வைப்பது என்பதிலேயே நம் முன்னோர் திணறியிருக்கிறார்கள். வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்த சீகன்பால்க் சர்வேசுரன் என்றார். அவருக்குப் பின் மொழிபெயர்த்த பப்ரிசியுஸ் பராபரன் என்றார். இன்று புராட்டஸ்டன்ட் சபைகளில் வாசிக்கும் வேதாகமம் தேவன் என்கிறது. 1995-இல் கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு கடவுள் என்கிறது. முந்நூறு வருடத்தில் நான்கு சொல். பெயரிலேயே கைநடுங்கிய ஒரு சமூகம் மற்றதில் இவ்வளவு அடித்துப் பேசுவது எனக்கும் ஆச்சரியம்தான்.

அப்படியானால் எதுவுமே தெரியாது என்று சொல்லிவிடலாமா? அதுவும் கிறிஸ்தவம் அல்ல. உபாகமம் 29:29, மறைவானவை கர்த்தருக்கு உரியவை, வெளிப்படுத்தப்பட்டவை நமக்கும் பிள்ளைகளுக்கும் உரியவை என்று ஒரு கோடு போடுகிறது. வெளிப்பட்டது எதற்காம்? செய்வதற்கு. 17-ஆம் நூற்றாண்டு வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை இங்கிலாந்தில் கறாரான புராட்டஸ்டன்ட் ஆட்கள் எழுதியது. அவர்களே, வேதத்தில் எல்லாம் ஒரேபோலத் தெளிவாக இல்லை, இரட்சிப்புக்கு வேண்டியது மட்டும் தெளிவாக இருக்கிறது என்று எழுதிவைத்தார்கள். தேவனை ஒருவனும் கண்டதில்லை, குமாரன் வெளிப்படுத்தினார் என்கிறது யோவான் சுவிசேஷம். ஒரு கிறிஸ்தவன் உறுதியாகச் சொல்லக்கூடியது அந்த ஒரு முகத்தைச் சுற்றித்தான்: அவர் பிறந்தார், சிலுவையில் இறந்தார், உயிர்த்தார், கடவுள் எப்படிப்பட்டவர் என்பதற்கு அவரே அளவு. இது நிரூபணம் அல்ல, விசுவாசம்; நம்பாதவரிடம் இதை நிரூபணம் என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்பதில் என் சபைக்கு ஒரு முடிவு இருக்கிறது, அடுத்த தெருச் சபைக்கு வேறு. உலகம் எப்போது முடியும் என்பதில் யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த நாழிகையைக் குமாரனும் அறியார் என்று இயேசுவே சொன்னதாக மாற்கு 13:32 எழுதியிருக்கிறது. அப்படியிருந்தும் அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்துக் காத்திருந்தார்கள். 23-ஆம் தேதி வழக்கம்போல விடிந்தது. நம் பக்கம் ‘உலக முடிவு’ சுவரொட்டிகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த 23-ஆம் தேதிக் காலைதான் ஞாபகம் வரும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இது கொஞ்சம் உறுத்தும். தெரியாது என்பதே ஒளிந்துகொள்ளும் இடமாகவும் ஆகும். கோவையிலிருந்து அவிநாசி ரோட்டில் வரும்போது கருமத்தம்பட்டி மாதா கோவிலைப் பார்த்திருப்பீர்கள். 1846-இல் மரியோன் பிரேசியாக் என்ற பிரெஞ்சுக்காரர் ஆயராக அபிஷேகம் பெற்றது அந்த ஊரில்தான். கோவைப் பகுதிக் கத்தோலிக்கரின் பொறுப்பு அவரிடம் வந்தது. சாதி வழக்கங்களில் எது வெறும் ஊர்ப் பழக்கம், எது விசுவாசத்துக்கு விரோதம் என்பதில் அவர் மனச்சாட்சிக்குத் தெளிவு வரவில்லை. ரோமாபுரியிடம் கேட்டுப் பார்த்தார். கடைசியில் பதவியை விட்டார். 1855-இல் அது ஏற்கப்பட்டது. பிறகு ஆப்பிரிக்காவுக்கு என்று ஒரு சபையை நிறுவி, 1859-இல் ஃப்ரீடவுன் போய்ச் சேர்ந்த சில வாரத்திலேயே காய்ச்சலில் இறந்தார். தெளிவில்லாமல் அதிகாரத்தில் உட்கார மறுத்தாரே, அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தக் கேள்வியின் மறுபக்கத்தில் தனி இடத்தில் உட்காரவைக்கப்பட்டவர்களும், தனிக் கல்லறையில் புதைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். தமிழ்நாட்டில் எங்கள் சபை, உங்கள் சபை என்று வித்தியாசமில்லாமல் பல ஊர்களில் அந்தக் கல்லறைச் சுவர் இன்றும் நிற்கிறது. கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்பது மறைவான காரியம் அல்ல, பவுல் கலாத்தியருக்குப் பட்டவர்த்தனமாக எழுதியது. அந்த இடத்தில் போய், இதெல்லாம் ஆழமான விஷயம், நமக்கு என்ன தெரியும் என்று இழுத்தால், அது தாழ்மையின் வேட்டியைக் கட்டிக்கொண்ட கோழைத்தனம்.

உங்கள் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பரலோகத்தில் இல்லை என்று சொல்ல அந்த ஊழியருக்கு எந்த ஆதாரமும் கிடையாது. கத்தோலிக்கத் திருச்சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒரு பெயரைக்கூட இதுவரை அறிவித்ததில்லை. கர்த்தர் தம்முடையவர்களை அறிவார் என்கிறது தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபம். அறிவார் என்று அவரைச் சொல்கிறது, எங்களைச் சொல்லவில்லை. அவர் பரலோகத்தில்தான் இருக்கிறார் என்று நானும் உங்களுக்கு எழுதித் தர முடியாது. ஏசாயா 55-இல் சொன்ன அந்தப் பெருத்த தயையிடம் அவரை ஒப்படைக்கிறேன். என் அப்பாவையும் அங்கேதான் ஒப்படைத்தேன்.

ஏன் இறந்தார் என்ற கேள்வியை நான் இரண்டாகப் பிரிப்பேன். இத்தனை பேர் இருக்க அன்றைக்கு அவர் ஏன், அந்தப் பிள்ளைகளின் அப்பா ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, யாரிடமும் இல்லை. இருப்பதாகச் சொல்கிறவரிடமிருந்து கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, அப்படியல்ல என்றார். (நீங்களும் மனந்திரும்புங்கள் என்று சேர்த்துக்கொண்டார், அதை மறைக்கமாட்டேன். ஆனால் அது உயிரோடு நின்று கேட்டவர்களுக்குச் சொன்னது.)

கேள்வியின் மறுபாதிக்குப் பதில் உண்டு, அதைக் கடவுள் தலையில் போடக்கூடாது. கழிவு தேங்கிய தொட்டியில் ஊறுகிற வாயுக்களில் ஹைட்ரஜன் சல்பைடு ஒன்று. காற்றைவிடக் கனம், அடியில் படிந்து கிடக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது போலிருக்கும். இதெல்லாம் எப்போதோ கண்டுபிடித்து எழுதிவைத்த விஷயம். என் சபையில் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எனக்கு, 2025 நவம்பர்வரை நடப்பில் இருந்த 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஆவது பிரிவை எடுத்துக் காட்டினார். அது சொன்னது இது: விஷவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் ஆளை இறக்குவதற்கு முன், தகுதியுள்ள ஒருவர் சோதித்துப் பார்த்து, உள்ளே ஆபத்தில்லை என்று எழுத்தில் சான்று தரவேண்டும். இல்லையென்றால், இறங்குகிறவர் சுவாசக் கருவி போட்டு, இடுப்பு வாரில் கயிறு கட்டியிருக்க வேண்டும். அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்கும் ஒருவர் கையில் பிடித்திருக்க வேண்டும்.

நான் வக்கீல் அல்ல, பட்டறையின் பதிவேடுகளை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதை ஒரு நல்ல தொழிலாளர் வக்கீலிடம் கேளுங்கள். அந்தச் சான்றில் யார் கையெழுத்துப் போட்டார்கள், கயிற்றின் மறுமுனை யார் கையில் இருந்தது என்று கேளுங்கள். யாராவது பதில் சொன்னால் எனக்கும் எழுதுங்கள்.